ஐந்து கோப்பை, ஐந்துமே ஏழாவது ஆட்டத்தில்

யாங்கீஸ், டாட்ஜர்ஸ் என்று பெரிய பெரிய பேஸ்பால் அணிகள் இருக்க, பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குப் போய் ஏன் ரசிகராக இருக்கிறீர்கள், அந்த அணியின் வரலாற்றில் மறக்க முடியாதபடி யார் இருந்தார்கள், என்னதான் நடந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோப்பைக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த அணி பிடிபடவே பிடிபடாது.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகத் தொடரை ஐந்து முறை வென்றிருக்கிறார்கள்: 1909, 1925, 1960, 1971, 1979. யாங்கீஸ் 27 முறை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உலகத் தொடர் என்பது சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஏழு ஆட்டம், முதலில் நாலு ஜெயிப்பவருக்குக் கோப்பை. நாலே ஆட்டத்தில் எதிரியைச் சுருட்டி எறிந்த அணிகள் எத்தனையோ உண்டு. பைரேட்ஸ் ஜெயித்த ஐந்தும் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனவை. ஒன்றைக்கூட முன்னதாக முடித்ததில்லை. அந்த அணியின் குணமே இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மில் பலருக்குப் பென் ஹில்ஸில் இருக்கும் பெருமாள் கோயில்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்கர்களுக்கு அது எஃகு ஆலைகளின் ஊர், இரண்டு ஆறுகள் கூடி மூன்றாவது ஆறாகப் போகும் இடம். அணிக்குக் கடற்கொள்ளையர் என்ற பெயர் வந்ததும் ஒரு சண்டையால்தான். 1890 சீசன் முடிந்ததும் லூ பியர்பாவர் என்ற வீரரைப் பிலடெல்ஃபியா அணி தன் பட்டியலில் சேர்க்க மறந்துவிட, பிட்ஸ்பர்க் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. இது கொள்ளைக்காரத்தனம் என்று அந்தப் பக்கத்தார் கத்த, இவர்கள் அந்த வசவையே பெயராகச் சூட்டிக்கொண்டார்கள்.

பழைய காலத்தில் ஒருவரைச் சொன்னால் போதும், ஹோனஸ் வாக்னர். சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், வளைந்த கால், மண்வெட்டி மாதிரி கை, பார்த்தால் விளையாட்டு வீரர் என்றே சொல்ல முடியாது. எட்டு முறை லீகின் சிறந்த பேட்டிங் சராசரி அவருடையது. (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸை எட்டுவது ஹிட், அடிக்க வந்ததில் அது எத்தனை பங்கு என்பதுதான் சராசரி.) 1909 உலகத் தொடரில் டெட்ராய்ட் அணியின் டை காப்பும் இவரும் நேருக்கு நேர் வந்தார்கள், அந்தக் காலத்தின் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள். வாக்னர் .333 அடித்தார், காப் .231-ல் அடங்கிப்போனார். 1936-ல் பேஸ்பால் புகழ் மண்டபம் முதன்முதலாக ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தபோது வாக்னர் அதில் ஒருவர். இன்று உலகம் அவரை ஒரு சின்ன அட்டையால்தான் அதிகம் அறிந்திருக்கிறது. சிகரெட் பாக்கெட்டுக்குள் வைக்க அச்சடித்த அவருடைய படம், அச்சு சீக்கிரமே நிறுத்தப்பட்டதால் கையளவே எஞ்சியிருக்கிறது, 2022-ல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. குழந்தைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்கக் கூடாது என்று அவர் தடுத்தார் என்பது ஒரு கதை, பணம் தரவில்லை என்பதால் தடுத்தார் என்பது இன்னொரு கதை.

1925 பற்றி இவ்வளவு போதும்: 3-1 என்று பின்தங்கியிருந்து, கடைசி ஆட்டத்தில் கொட்டும் மழையில், சேறாகிக் கிடந்த மைதானத்தில், வாஷிங்டனின் மகத்தான பிட்சர் (பந்து வீசுபவர்) வால்டர் ஜான்சனை அடித்து 9-7 என்று ஜெயித்தார்கள். அப்புறம் பால் வேனர், லாயிட் வேனர் என்று அண்ணன் தம்பி இருவர் வந்து, இருவருமாகச் சேர்ந்து 5,611 ஹிட் அடித்துவிட்டுப் போனார்கள்.

சரி, நான் உண்மையில் சொல்ல விரும்புவது 1959-லிருந்துதான் தொடங்குகிறது, அதுவும் ஒரு தோல்வியிலிருந்து.

பெர்ஃபெக்ட் கேம் என்று ஒன்று இருக்கிறது. எதிரணியில் ஒருவரைக்கூட எந்த வழியிலும் முதல் பேஸை எட்டவிடாமல் ஒன்பது இன்னிங்ஸையும் ஒரே பிட்சர் முடிப்பது. 27 பேர் வருவார்கள், 27 பேரும் வரிசையாக அவுட். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இதுவரை 24 முறைதான் இது நடந்திருக்கிறது. 1959 மே 26 அன்று மில்வாக்கியில், உடம்பு சரியில்லாமல் மைதானத்துக்கு வந்த ஹார்வி ஹாடிக்ஸ் என்ற பைரேட்ஸ் பிட்சர் அந்த 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். ஆனால் ஆட்டம் முடியவில்லை! பைரேட்ஸும் ஒரு ரன்கூட எடுத்திருக்கவில்லை. எதிரணி பிட்சர் லூ பர்டெட்டை விட்டு விளாசி ஹிட் மேல் ஹிட் எடுத்தும் யாரும் மூன்று பேஸையும் சுற்றி ஹோம் பிளேட்டுக்கு வந்து சேரவில்லை, அப்படி வந்தால்தான் ரன். ஹாடிக்ஸ் பத்தாவது இன்னிங்ஸ் வீசினார், பதினொன்றாவது வீசினார், பன்னிரண்டாவது வீசினார். 36 பேர், 36 அவுட். அப்படி ஒன்பதைத் தாண்டியும் விடாமல் போனவர் அதற்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை.

பதின்மூன்றாவது இன்னிங்ஸில் முதல் ஆள் அடித்த பந்து சாதாரணமாகத் தரையில் உருண்டு மூன்றாவது பேஸ்காரர் டான் ஹோக்கிடம் வந்தது. அவர் எறிந்தது தவறிப்போய், ஃபீலிக்ஸ் மாண்டியா முதல் பேஸில் நின்றார். அடுத்தவர் தன்னை அவுட்டாக்கிக்கொண்டு அவரை ஒரு பேஸ் நகர்த்திவிட்டார். ஹாங்க் ஆரனை வேண்டுமென்றே அடிக்க முடியாத பந்துகளைப் போட்டு முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். அதற்கடுத்து ஜோ ஆட்காக் வேலிக்கு மேலே தூக்கி அடித்தார். அவ்வளவுதான், அந்த ராத்திரி முழுக்க விழுந்த ஒரே ஹிட். இதிலும் ஒரு குழப்பம். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஆரன் பாதி வழியில் ஓடுவதை நிறுத்திவிட, ஆட்காக் விதியை மீறி அவரைத் தாண்டிவிட, மாண்டியா எடுத்த ரன் மட்டும் கணக்காகி, கடைசியில் ஸ்கோர் 1-0 என்று பதிவானது. பைரேட்ஸ் 12 ஹிட் அடித்துத் தோற்றது, மில்வாக்கி ஒரே ஹிட்டில் ஜெயித்தது. 1991-ல் பேஸ்பால் நிர்வாகம் விதியைத் திருத்தி, முடிவு வரை ஹிட் கொடுக்காமல் இருந்தால்தான் கணக்கு என்று சொல்லி இந்த ஆட்டத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. எனக்கு இன்றும் அது சம்மதமில்லை. பந்து வீசுவதில் அதைவிடப் பெரிய ஒரு ராத்திரி இந்த விளையாட்டில் வந்ததாக நான் நினைக்கவில்லை.

அடுத்த வருஷமே கணக்கு நேரானது.

1960 உலகத் தொடர், எதிரே மாண்டில், மாரிஸ், பெர்ரா எல்லாரும் இருந்த யாங்கீஸ். அவர்கள் ஜெயித்த மூன்று ஆட்டங்களின் ஸ்கோர் 16-3, 10-0, 12-0. ஏழு ஆட்டத்தையும் கூட்டினால் யாங்கீஸ் 55 ரன், பைரேட்ஸ் 27 ரன், அதாவது பாதிகூட இல்லை. தொடரின் சிறந்த வீரர் விருது தோற்ற அணியில் இருந்த பாபி ரிச்சர்ட்சனுக்குப் போனது. அப்படித் தோற்றவருக்குப் போனது அந்த ஒரே தடவைதான். அடிவாங்கும் நாளில் நன்றாக அடிவாங்குவது, ஜெயிக்கும் நாளில் இரண்டு மூன்று ரன்னுக்குள் தப்பித்துக்கொள்வது என்று எப்படியோ மூன்றுக்கு மூன்று ஆக்கி அக்டோபர் 13-க்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் நடந்த அந்தக் கடைசி ஆட்டம் போல இன்னொன்றை நான் படித்ததில்லை. பைரேட்ஸ் 4-0 என்று முன்னால் போனது, யாங்கீஸ் 7-4 என்று தாண்டியது. எட்டாவது இன்னிங்ஸில் பில் விர்டன் அடித்த பந்து, இரண்டு பேரை ஒரேயடியாக அவுட்டாக்கியிருக்க வேண்டிய பந்து, தரையில் எதிலோ பட்டுத் துள்ளி யாங்கீஸின் டோனி குபெக் தொண்டையில் அடித்தது. அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். ஹால் ஸ்மித் என்ற மாற்று கேட்சர் (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்) பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், 9-7. ஒன்பதாவதில் யாங்கீஸ் திரும்ப 9-9 ஆக்கியது.

கடைசிப் பாதியில், பைரேட்ஸ் அடிக்கும் முறை வந்தபோது, முதலில் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பில் மாசெரோஸ்கி, வயது 24. அடிக்கிறவர் என்று பெயரெடுத்தவர் அல்ல அவர். இரண்டாவது பேஸில் நின்று பந்தை வாங்கின வேகத்தில் முதல் பேஸுக்குத் தட்டிவிடுவதில் அவருக்கு நிகர் இல்லை, வாழ்நாளில் 1,706 இரட்டை அவுட்டுகளில் அவர் கை இருந்தது, இரண்டாவது பேஸ்காரர்களில் அதுதான் சாதனை. யாங்கீஸ் பிட்சர் ரால்ஃப் டெர்ரியின் முதல் பந்தை விட்டார். இரண்டாவது பந்து இடது பக்கம் உயர்ந்து போக, யோகி பெர்ரா கொஞ்சம் பின்னால் ஓடிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். பிற்பகல் மணி 3:36. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டது, தொப்பியைக் கையில் பிடித்துச் சுழற்றிக்கொண்டே மாசெரோஸ்கி ஆட்களுக்கு நடுவே ஓடி வந்தார். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் கடைசி அடியாக ஒரு ஹோம் ரன்னில் முடிந்தது இது ஒன்றுதான். அந்த ஆட்டம் முழுக்க இரண்டு பக்கமும் ஒருவர்கூட ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்காமலே மூன்று வாய்ப்பையும் இழந்து வெளியேறுவது) ஆகவில்லை என்பது இன்னொரு விசேஷம்.

இந்த ஆட்டத்தின் முழுப் படச்சுருள் ரொம்ப காலம் யாரிடமும் இல்லை என்றே நினைத்திருந்தார்கள். பாடகர் பிங் கிராஸ்பி அணியின் பங்குதாரர்களில் ஒருவர். பதற்றத்தில் பார்க்க முடியாது என்று பாரிஸுக்குப் போய்விட்டு, பிறகு பார்க்கலாம் என்று தொலைக்காட்சி ஒளிபரப்பைப் படமெடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். 2009-ல் அவர் வீட்டுப் பாதாள அறையில் அது அப்படியே கிடைத்தது.

இனி கிளெமெண்டே. இவரைப் பற்றி அளவாக எழுத எனக்கு வராது.

ரொபேர்ட்டோ கிளெமெண்டே பியூர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊரில் 1934-ல் பிறந்தவர். முதலில் அவரை எடுத்தது டாட்ஜர்ஸ், எடுத்துச் சின்ன அணியில் வைத்திருந்தபோது ஒரு விதியைப் பயன்படுத்திப் பிட்ஸ்பர்க் அவரைத் தூக்கிக்கொண்டது. 1955-ல் இருபது வயதில் வந்து சேர்ந்தார், கறுப்பர், பேசுவது ஸ்பானிஷ். ஃப்ளோரிடா பயிற்சி முகாமில் கறுப்பின வீரர்களுக்குத் தங்குவதற்குத் தனி இடம். அவருடைய ஆங்கிலத்தைப் பத்திரிகைக்காரர்கள் உச்சரிப்பை அப்படியே எழுத்தில் போட்டுக் கேலிப்பொருளாக்கினார்கள், பெயரையும் பாப் என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். என் பெயர் ரொபேர்ட்டோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வலது மூலையிலிருந்து அவர் எறியும் பந்தைப் பற்றிக் கேள்விப்படாத பேஸ்பால் ரசிகர் இருக்க முடியாது. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து நேரடியாக ஸ்டம்பைச் சாய்ப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அதை இவர் வழக்கமாகவே செய்தார். பீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருது 12 முறை, பேட்டிங் சராசரியில் முதலிடம் 4 முறை. 1956-ல் ஒரு ஆட்டத்தில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, மூன்று ரன் பின்தங்கியிருக்க, பந்தை வேலிப் பக்கம் அடித்துவிட்டு, மூன்றாவது பேஸில் நின்ற பயிற்சியாளர் நில் என்று கை காட்டியும் நிற்காமல் ஓடி வந்து ஆட்டத்தை 9-8 என்று முடித்தார். அவர் ஓடுவதே அப்படித்தான், முழங்கை முழங்கால் எல்லாம் நாலா பக்கமும் பறக்க ஓடுவார்.

1971 செப்டம்பர் 1 அன்று மேனேஜர் டேனி மர்டா எழுதிய ஆட்டப் பட்டியலில் ஒன்பது பேரும் கறுப்பர்கள், அமெரிக்கக் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்கக் கறுப்பர்களும். பெரிய லீகில் அது முதல் தடவை, கறுப்பர்களைச் சேர்க்காத நிறத்தடையை ஜாக்கி ராபின்சன் உடைத்து 24 வருஷம் ஆகியிருந்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது, நாலாவது இன்னிங்ஸில்தான் வீரர்கள் சிலரே அதைக் கவனித்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் ஊரிலும் பெரிதாகப் பேசப்படவில்லை. பிலடெல்ஃபியாவை 10-7 என்று ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த அக்டோபரில் பால்டிமோருடன் உலகத் தொடர். முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. 37 வயது கிளெமெண்டே ஏழு ஆட்டத்திலும் ஹிட் அடித்தார், சராசரி .414. ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்ததில் ஒன்று அவருடைய ஹோம் ரன். முடிந்ததும் தொலைக்காட்சி மைக்கைக் கொடுத்தபோது, ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன்னால் ஸ்பானிஷில் தன் அப்பா அம்மாவிடம் ஆசி கேட்டார். கேலி செய்தவர்கள் உட்பட நாடே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கோப்பையைவிட அந்தச் சில நொடிதான் பெரிது.

அடுத்த வருஷம் செப்டம்பர் 30 அன்று 3,000-ஆவது ஹிட். டிசம்பர் 23-ல் நிகராகுவாவின் மனாகுவா நகரம் பூகம்பத்தில் தரைமட்டமானது. சில வாரம் முன்புதான் பியூர்ட்டோ ரிக்கோ அணியை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய்வந்திருந்தார். நிவாரணப் பொருள் சேர்த்து அனுப்பினார். அனுப்பியது ஜனங்களுக்குப் போகாமல் ராணுவத்தின் கையில் சிக்குகிறது என்று கேள்விப்பட்டு, நானே கூடப் போனால் தொட மாட்டார்கள் என்று கிளம்பிவிட்டார். புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி, அளவுக்கு மீறி ஏற்றிய பழைய டிசி-7 விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்தது. ஐந்து பேர். அவர் உடல் கிடைக்கவே இல்லை. அணியின் கேட்சர் மான்னி சாங்கியேன் நினைவஞ்சலிக் கூட்டத்துக்குப் போகாமல், தேடுகிறவர்களோடு சேர்ந்து கடலில் முக்குளித்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை ஒதுக்கிவைத்து 1973-லேயே புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள், அங்கே போன முதல் லத்தீன் அமெரிக்கர் அவர். வயது 38-தான் ஆகியிருந்தது. அவர் எண் 21. இன்றைய மைதானத்தில் வலது பக்கச் சுவரின் உயரம் 21 அடி.

அவருக்குப் பின் அணியைத் தாங்கியவர் வில்லி ஸ்டார்ஜெல், 475 ஹோம் ரன் அடித்தவர். 1979-ல் வயது 39, எல்லாரும் அவரைப் 'பாப்ஸ்', அதாவது அப்பா என்றே கூப்பிட்டார்கள். நன்றாக ஆடியவர்களுக்குத் தொப்பியில் தைத்துக்கொள்ளத் தன் கையால் ஒரு தங்க நிற நட்சத்திரம் கொடுப்பார், லட்சக்கணக்கில் சம்பாதிக்கும் ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அதற்கு ஆசைப்பட்டார்கள். மறுபடியும் பால்டிமோர், மறுபடியும் 3-1 என்று பின்தங்கல். ஐந்தாவது ஆட்டத்தன்று காலையில் மேனேஜர் சக் டேனரின் அம்மா இறந்துபோனார். அவர் வந்து அணியை நடத்தினார். மூன்று ஆட்டமும் ஜெயித்தார்கள். கடைசி ஆட்டத்தைத் திருப்பிய ஹோம் ரன் ஸ்டார்ஜெலுடையது. பிற்பாடு 2001 ஏப்ரல் 9 அன்று, புதிய மைதானமான பிஎன்சி பார்க்கில் முதல் லீக் ஆட்டம் நடக்கவிருந்த அதே நாள் காலையில் அவர் காலமானார். வாசலில் அவருடைய சிலையைத் திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

1992-ஐச் சொல்லாமல் தாண்டினால் பிட்ஸ்பர்க்காரர் யாரும் மன்னிக்க மாட்டார்கள். இதுவும் ஏழாவது ஆட்டம்தான், உலகத் தொடருக்கு ஒரு படி கீழே, அட்லாண்டா அணியோடு, அவர்கள் ஊரில். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 2-0 முன்னிலை, இன்னும் மூன்றே அவுட். அந்த வருஷம் முழுக்க அசராமல் நின்ற ஹோசே லிண்ட் கையிலிருந்து ஒரு பந்து நழுவியது. 2-1 ஆகி, இரண்டு அவுட்டும் விழுந்து, பேஸ் மூன்றிலும் ஆள் நிற்க, ஃபிரான்சிஸ்கோ கப்ரேரா என்ற, பெயரே பலருக்குத் தெரியாத மாற்று ஆட்டக்காரர் இடது பக்கம் தட்டினார். ஒருவர் ஓடி வந்து சமன். பின்னாலேயே இரண்டாவது பேஸிலிருந்து ஓடி வந்தவர் சிட் பிரீம். முழங்காலில் பலமுறை அறுவை செய்துகொண்டவர், அணியிலேயே மெதுவாக ஓடுபவர், அதோடு இரண்டு வருஷம் முன்பு வரை பைரேட்ஸில் ஆடியவர். பைரேட்ஸின் பாரி பாண்ட்ஸ் எறிந்த பந்து முதல் பேஸ் பக்கம் கொஞ்சம் விலகி வந்தது. கேட்சர் அதை வாங்கித் திரும்புவதற்குள் பிரீம் கால் நீட்டிச் சறுக்கி உள்ளே. 3-2. நடுமைதானத்தில் ஆண்டி வான் ஸ்லைக் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பாண்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார், மற்றவர்களும் கலைந்தார்கள். பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, சின்ன ஊர் அணி வளர்த்துவிடும் வீரரைப் பெரிய ஊர் அணி பணம் கொடுத்துக் கொத்திக்கொண்டு போகும். 1993 முதல் 2012 வரை இருபது சீசன், இருபதிலும் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீகுகளில் இவ்வளவு நீளமான வறட்சி வேறு எந்த அணிக்கும் இல்லை.

அந்த வறட்சிக்கு நடுவில்தான் 2008-ல் உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், டிவி போட்டி ஒன்றில் வேகமாகப் பந்து எறிந்து தேர்வானவர்கள், அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள். பெரிய லீக் வரை இருவரும் எட்டவில்லை, ஆனால் அணியின் கீழ்நிலைப் பிரிவுகளில் உண்மையாகவே ஆடினார்கள். அந்தக் கதையை டிஸ்னி படமாக்கியபோது இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.

2013-ல் கடைசியில் விடிந்தது. ஆண்ட்ரூ மெக்கட்சன் லீகின் சிறந்த வீரர், 94 வெற்றி. அக்டோபர் 1 அன்று சின்சினாட்டியோடு ஒற்றை ஆட்டம், தோற்றால் வீடு. நாற்பதாயிரம் பேர் கறுப்பு உடையில் வந்து, எதிரணி பிட்சர் குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கூவினார்கள். அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரசல் மார்ட்டின் வெளியே அடித்தார். இருபது வருஷக் கோபமும் ஏக்கமும் சேர்ந்த சத்தம் அது, வீடியோ இருக்கிறது, சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். 2015-க்கு அப்புறம் மறுபடியும் சரிவுதான், இப்போது பால் ஸ்கீன்ஸ் என்ற பிட்சர் இருக்கிறார், 2024-ல் சிறந்த புதுமுகம், 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அவர் வீசும் நாளில் மட்டும் மைதானம் பழைய மாதிரி இருக்கிறது.

பிட்ஸ்பர்க் பக்கம் போனால் கிளெமெண்டே பெயரில் இருக்கும் பாலத்தை நடந்து கடந்து மைதானத்துக்குப் போங்கள், ஆட்ட நாளில் அதில் வண்டி விடமாட்டார்கள். ஃபோர்ப்ஸ் ஃபீல்டை இடித்துவிட்டார்கள், ஆனால் ஓக்லாண்ட் பகுதியில் அதன் வெளிச்சுவரின் ஒரு பகுதி நிற்கிறது, பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் பழைய ஹோம் பிளேட் தரையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. 1985-ல் ஒரு ரசிகர் அக்டோபர் 13 அன்று தனியாக அந்தச் சுவரடியில் உட்கார்ந்து 1960 ஆட்டத்தின் ரேடியோ ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார். இப்போது வருஷா வருஷம் அன்றைக்குக் கூட்டம் கூடுகிறது, மடக்கு நாற்காலியோடு வந்து முழு ஆட்டத்தையும் கேட்கிறார்கள், எட்டாவது இன்னிங்ஸில் குபெக் தொண்டையில் பந்து பட்டதும் கைதட்டுகிறார்கள், 3:36 வரை யாரும் எழுந்து போவதில்லை.